முல்லைத்தீவு: ஆளில்லா நிலம் என்றொரு கதை

இலங்கையின் இருபத்தைந்து மாவட்டங்களுள் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்தது முல்லைத்தீவு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். அதே ஆண்டில் முழு நாட்டுக்குமான சராசரி 320க்கு மேல். அண்டையிலுள்ள யாழ்ப்பாண மாவட்டத்தில் 600க்கும் மேல். இவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் மனத்தில் ஒரு விளக்கம் தானாகவே எழும். காடு அடர்ந்தது, மழை குறைந்தது, ஆகையால் மனிதர் குறைவு. புவியியல் பாடத்துக்கு இந்த விளக்கம் போதுமானதாக இருக்கலாம். வரலாறு இதற்கு இசையவில்லை.

அந்த நிலத்தின் வெறுமை இயற்கையின் கொடை என்று நாம் கருதவில்லை. அது பல முறை, பலரால், பல காரணங்களுக்காக உண்டாக்கப்பட்டது. உண்டான பின், 'இங்கே ஆளில்லை' என்ற வாக்கியமே அடுத்து நிகழ்ந்தவற்றுக்கு நியாயமாகவும் நின்றது. இக்கட்டுரையில் அந்த வாக்கியத்தின் வரலாற்றையே சற்று நெருங்கிப் பார்க்க விரும்புகிறோம்.

நிலமும் நீரும்

வடக்கே கிளிநொச்சி, மேற்கே மன்னார், தெற்கே வவுனியாவும் திருகோணமலையும், கிழக்கே வங்கக் கடல். இவற்றுக்கிடையே உள்நாட்டு நீர்ப்பரப்பையும் சேர்த்து 2,617 சதுர கிலோமீற்றர். பாதிக்கு மேல் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று நீளும் வறள்வலயக் காடு. கரையோரத்தில் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என வரிசையாகக் களப்புகள். இறாலுக்கும் மீனுக்கும் பேர்பெற்றவை. மழை என்பது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவருவது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்வதைக் கொண்டே எஞ்சிய மாதங்களைக் கடத்த வேண்டும். கனகராயன் ஆறு வடக்கு நோக்கியும், பேராறு கிழக்கே நந்திக்கடல் நோக்கியும், பாலியாறு மேற்கு நோக்கியும் ஓடுகின்றன. மூன்றும் மாரியில் பெருகிக் கோடையில் மணலாகக் கிடப்பவை.

ஆதலால் இங்கே வாழ்வு என்பது குளத்தைச் சுற்றியே அமைந்தது. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. வவுனிக்குளம், கச்சிலைமடு, கருநாட்டுக்கேணி, சீனியாமோட்டை, தண்ணிமுறிப்பு என்று எங்கு நோக்கினும் குளமும் மடுவும் கேணியும் மோட்டையும்தான். 'முறிப்பு' என்ற சொல் கரை முறிந்த குளத்தை நினைவூட்டுவது. ஓர் அழிவின் நினைவு ஊரின் பெயராகவே தங்கிவிட்டது.

குளம் ஒருமுறை கட்டி முடித்தால் என்றைக்கும் நிற்கும் பொருளன்று. மாரிக்கு முன் கரைக்கு மண் போட வேண்டும். கரையில் வேரோடும் மரங்களை வெட்ட வேண்டும். துருசைத் துப்புரவாக்க வேண்டும். வான் பாயும் இரவுகளில் காவல் இருக்க வேண்டும். இவை ஒரு குடும்பத்தால் ஆகக் கூடியவையல்ல. ஊரே கூடினால்தான் குளம் நிற்கும். ஊரில் ஆட்கள் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்துவிட்டால், எஞ்சியவர்கள் எவ்வளவு உழைத்தாலும் கரை ஒரு மாரியில் உடையும். உடைந்தபின் வயலுக்கு நீரில்லை. குடிக்கவும் நல்ல நீரில்லை. ஆங்காங்கே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும், மேலும் சிலர் சாவர், சிலர் வெளியேறுவர். ஆக, இவ்வூர்களில் மக்கள்தொகை என்பது வெறும் தொகையன்று. அது குளக்கரையின் ஒரு பகுதி. ஓர் ஊரின் கால்வாசிப் பேரை ஒரு போர் அப்புறப்படுத்தினால், மிச்சமுள்ள முக்கால் பங்கையும் காடும் காய்ச்சலும் பார்த்துக்கொள்ளும்.

வன்னிமைகள்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இப்பகுதி வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பற்றுகளாகப் பிரிந்த ஆட்சி அது. வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் இவர்களின் வருகையைத் தத்தம் முறையில் கதையாகச் சொல்கின்றன. அக்கதைகளில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது ஆய்வாளரின் வழக்கு. நமக்கு வேண்டியது ஒன்றுதான். யாழ்ப்பாண அரசுக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட இக்காட்டில் தமக்கென முறைமையும் படையும் வரியும் கொண்ட மக்கள் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் வன்னியரிடம் திறையாகக் கேட்டது யானைகள். யானை பிடித்தல் வன்னியின் பெருந்தொழில். காட்டு யானையைப் பிடித்துக் கட்டிய வன்னிச்சி அரியாத்தையின் கதை இன்றளவும் அந்நாட்டாரிடையே பாட்டாகவும் கூத்தாகவும் வழங்குவது இதனால்தான். திறையைக் கட்டியும் கட்டாமலும் வன்னியர் நூற்றாண்டுக்கும் மேல் காலம் கடத்தினர். பொறுமையிழந்த ஒல்லாந்தர் 1782இல் படையெடுத்து வன்னியைத் தம் நேராட்சிக்குள் கொண்டுவந்தனர். தோமஸ் நாகெல் என்னும் படை அதிகாரி அதன் நிர்வாகியானார். 1793இல் அவர் எழுதிய அறிக்கை வன்னியைப் பற்றிய தொடக்ககால ஐரோப்பிய ஆவணங்களுள் முக்கியமானது.

ஆங்கிலேயர் வந்தபின் 1803இல் பண்டாரவன்னியன் கண்டி அரசனின் துணையோடு கிளர்ந்தெழுந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினார். அங்கிருந்த வொன் டிறிபேர்க் என்ற தளபதி கடல்வழியாக யாழ்ப்பாணம் தப்பினார். பின்னர் மூன்று திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. அதே டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று கச்சிலைமடுவில் வைத்துப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அச்செய்தியை ஆங்கிலத்தில் பொறித்த ஒரு நடுகல் அங்கே நெடுங்காலம் நின்றது. வென்றவர் வைத்த கல்லையே தோற்றவரின் நினைவிடமாக மக்கள் கொண்டனர். 2010இல் அக்கல் உடைக்கப்பட்டது. கடலுக்கு இப்பால் மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதினார். வன்னி என்ற பெயரைத் தமிழ்நாட்டு வாசகர் பலர் முதலில் அறிந்தது அந்நூல் வழியாகவே இருக்கக்கூடும்.

தூர்ந்த குளங்கள்

போர் முடிந்தபின் வன்னியில் நிகழ்ந்ததைப் போர் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் ஊர்களை அதிகம் தின்றது அந்த நூற்றாண்டுதான். குறுநிலத் தலைமை அழிந்ததும் ஊர்க்கூட்டுழைப்பை வற்புறுத்தும் அதிகாரமும் அழிந்தது. 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. மனிதரை மனிதர் அடிமை வேலை வாங்கும் முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் குளக்கரைக்கு மண் போடும் பழைய ஏற்பாடும் அதனோடு தளர்ந்தது. அதன் இடத்தில் வேறோர் ஏற்பாட்டை அரசு உடனே வைக்கவில்லை. மேலே சொன்ன சுழல் தொடங்கியது. குளங்கள் உடைந்தன, காய்ச்சல் பரவியது. பறங்கி நோய் என்று அழைக்கப்பட்ட கொடிய புண்நோய் ஊர் ஊராகச் சென்றது. அந்நோய் குறித்து 1881இல் கின்சி என்ற மருத்துவ அதிகாரி தனி அறிக்கையே எழுத வேண்டியதாயிற்று.

1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிர்வாகி வன்னி மாவட்டங்களுக்கான கையேட்டை வெளியிட்டார். வன்னி வரலாற்றைப் படிப்பவர் எவரும் இந்நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது. ஊர்களின் பெயர், குளங்களின் நிலை, சாதி, வழக்கம், வழிபாடு என்று அவர் விடாமல் திரட்டியிருக்கிறார். அந்நூலில் நாம் காண்பது தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு நாடு. முன்பு குடியிருந்து இப்போது காடாகிப்போன ஊர்கள், கரையுடைந்த குளங்கள். ஆனால் அத்தகைய நூல்களிலிருந்து பிற்காலத்தார் எடுத்துக்கொண்டது வேறு. தேய்ந்தது எவ்வாறு என்ற கேள்வி கைநழுவிப் போயிற்று. தேய்ந்து கிடக்கிறது என்ற செய்தி மட்டும் நின்றது.

காடு திருத்தியவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. மலேரியா ஒழிப்பு ஒரு காரணம். குளங்களின் புனரமைப்பு மற்றொன்று. பண்டைய நூல்கள் பெலிவாபி என்று குறிப்பிடும் குளமாகக் கருதப்படும் வவுனிக்குளமும், பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளமும் 1950களிலும் 60களிலும் மீண்டும் நீர் கொண்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்றோர் குடியேற்றத் திட்டங்களில் வந்து காடு வெட்டினர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் அஞ்சி ஓடிவந்து இங்கே குடிசை போட்டனர். ஆக, 'பழைய ஊரார்', 'யாழ்ப்பாணத்தார்', 'மலைநாட்டார்' என்று மூன்று அடுக்குகள் உண்டாயின. அவர்களுக்கிடையே உரசலும் இருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இந்தக் காலத்தின் இலக்கியச் சான்று அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல். 1973இல் வந்த அது தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. பதஞ்சலி, கதிராமன், வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகியோரைச் சுற்றிய கதை. அதைப் படித்தவர்க்கு அவ்வூரின் குளமும் காடும் வேட்டையும் நேரில் கண்டதுபோல் நினைவிலிருக்கும். புள்ளிவிவரக் கையேடு 'அடர்த்தி குறைந்தது' என்று ஒரு வரியில் கடந்துபோகும் இடத்தில் எத்தனை அடர்த்தியான வாழ்வு இருந்தது என்பதை அந்நாவல் காட்டியது. அதை ஒரு பிரதேச நாவல் என்று மட்டும் வகைப்படுத்தி நிறுத்திக்கொண்டோம். அது ஒரு குடிசன ஆவணமும் ஆகும் என்பது பின்னாளில்தான் விளங்கியது.

கணக்குகள்

1978 செப்டெம்பரில் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் 1981இல் நடந்த குடிசன மதிப்பீட்டில் அதன் மக்கள்தொகை 77 ஆயிரத்துக்குச் சற்று மேல். மாவட்டமான பின் எடுக்கப்பட்ட முதற் கணக்கு அதுவே. அடுத்த முழுமையான கணக்குக்கு முப்பத்தொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே இல்லை. 2001இல் வடக்கில் அது முழுமையாக நடைபெறவில்லை. அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் நடந்தவற்றைச் சுருக்கமாகவேனும் வரிசைப்படுத்துவோம்.

1984 நவம்பர் இறுதியில் மாவட்டத்தின் தென்பகுதியில் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியமர்த்தப்பட்டிருந்த சிங்களக் குடும்பத்தாரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த சில நாட்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழர் படையினரால் வெளியேற்றப்பட்டனர். நிலக்கிளியின் தண்ணிமுறிப்பும் அப்போது வெறுமையாயிற்று. நாவல் வெளியாகிப் பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. மணலாறு என்ற பகுதி வெலிஓயா என்ற பெயரில் மகாவலித் திட்டத்தின் கீழ்ச் சிங்களக் குடியேற்றமாக வளர்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுப் போயினர். 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. 2009 மே 18 அன்று, நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் என்ற ஒடுங்கிய மணல்திட்டில் போர் முடிந்தது.

இறுதி மாதங்களில் மக்கள்தொகை என்பதே ஒரு போர்க்களமாயிற்று. 2009இன் தொடக்கத்தில், போர்ப் பகுதியில் சிக்கியிருந்தோர் எழுபதாயிரம் அளவினர் என அரசு கூறிவந்தது. அந்தத் தொகைக்கேற்பத்தான் உணவும் மருந்தும் கணக்கிடப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ அதைப் போல் பல மடங்கினர். எண்ணைக் குறைத்துச் சொல்வது என்பது சோற்றைக் குறைத்துப் போடுவதும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய இரு மாவட்டங்களிலும் இருந்தோர் 4,29,059. அதன்பின் 2009 மே வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? அவர் எவரையும் குற்றஞ்சாட்டிப் பேசவில்லை. அரசின் இரு எண்களை அரசிடமே கொடுத்து விடை கேட்டார். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு அதே ஆண்டில், இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்றது. அரசின் புள்ளிவிவரத் திணைக்களம் 2011இல் வடக்கில் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பு இதைவிட மிகக் குறைந்த தொகையையே தந்தது. அந்த முறையின் குறை வெளிப்படையானது. இறந்தவரைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும். குடும்பம் முழுதும் போன வீட்டின் கதவை யார் திறப்பார்?

2012இல் மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 92 ஆயிரம். அப்போதும் பலர் திரும்பியிருக்கவில்லை. கேப்பாபிலவு மக்கள் முகாமில் இருந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டபோதும் தம் ஊருக்குப் போக இயலவில்லை. ஊர் இராணுவத்தின் கையில் இருந்ததால் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டனர். 2017இல் அவர்கள் முகாம் வாசலிலேயே அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. வேறு ஊர்களுக்குத் திரும்பியோர் இன்னொரு சிக்கலைக் கண்டனர். கால் நூற்றாண்டு ஆளில்லாதிருந்த வயல்களில் காடு எழுந்திருந்தது. அக்காடு வனத்திணைக்களத்தின் எல்லைக்குள் சென்றிருந்தது. விரட்டப்பட்டதால் காடானது, காடாக இருப்பதால் திரும்பித் தர இயலாது. இந்த வட்டத்தை நாம் முன்னமே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டோம்.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் தொகை 1 இலட்சத்து 22 ஆயிரத்தை எட்டியது. நாட்டிலேயே மிக உயர்ந்த வளர்ச்சி வீதம் முல்லைத்தீவுக்கே என்று அறிவிக்கப்பட்டது. இதை மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். ஆயினும் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குள் பிறப்பு மட்டும் இல்லை, திரும்பி வருதலும் இருக்கிறது, புதிய குடியேற்றமும் இருக்கிறது. மூன்றையும் ஒரே வீதமாகக் காட்டும் எண், மூன்றுக்கும் பின்னாலுள்ள கதைகளைச் சொல்லாது.

கண்ணகியின் கரையில்

இத்தனைக்கும் நடுவே இந்நிலத்தில் ஒரு தொடர்ச்சி உண்டு. நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த இடம் ஆதலால் 'பத்தாம்பளை' என்றும், அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரார் சொல்வர். கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு இருந்தான் என்று சிலம்பு சொல்வதையும் நாம் அறிவோம். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பர். கரையோர மக்களுக்கும் வயல்வெளி மக்களுக்கும் அந்தச் சடங்கில் தனித்தனிப் பங்கு உண்டு. காடு, குளம், கடல் மூன்றும் ஒரே குடியின் மூன்று கைகள் என்பதை அது ஆண்டுதோறும் நினைவுறுத்துகிறது.

அந்த வைகாசியை ஒட்டியே மே 18 வருகிறது. பொங்கலுக்கு வரும் அதே கரையோரப் பாதையில் மக்கள் முள்ளிவாய்க்காலுக்கும் வருகின்றனர். இறுதி நாட்களில் அங்கே காய்ச்சிய உப்புக் கஞ்சியை நினைவாகக் காய்ச்சிப் பகிர்கின்றனர். முல்லைத்தீவு நகரில் 2017 மார்ச் 8 அன்று காணாமற்போனோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் இருந்தோர் சிலர், விடை கிடைக்காமலேயே இறந்துபோயினர். 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு நிறைவுற்றபோது எடுக்கப்பட்ட உடல் எச்சங்கள் 52 பேருடையவை.

நிலத்தின் மேல் வாழ்வோரைக் கணக்கிட்ட அரசு, நிலத்தின் கீழும் கணக்கிட வேண்டிய மாவட்டம் இது. அடர்த்தி 38 என்றோ 50 என்றோ எழுதும்போது அந்த 52 பேரும், ஆயர் கேட்ட 1,46,679 பேரும், லூயிஸ் காலத்தில் பெயர் மட்டும் எஞ்சிய ஊர்களின் மக்களும் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. அவர்களை அட்டவணையில் சேர்க்க முடியாது என்பது உண்மையே. ஆனால் முல்லைத்தீவை 'ஆளில்லா நிலம்' என்று யாரேனும் இனி எழுதினால், எப்போதிலிருந்து, யாரால் என்ற இரு கேள்விகளையும் கேட்காமல் அந்த வரியைக் கடந்துபோக வேண்டாம் என்று மட்டும் வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம்.